மீதி மருந்து யார் பொறுப்பு?

கொச்சி மாநகரை ஒட்டி, காயல் சூழ அமைந்திருக்கும் சிற்றூர் கும்பளங்கி. சீன வலைகளும் பொக்காளி வயல்களும் நிறைந்த அந்த ஊரை மாதிரிச் சுற்றுலா கிராமமாக அறிந்தவர்கள் உண்டு. 2019-இல் வெளிவந்த மலையாளத் திரைப்படத்தின் பெயரால் அறிந்தவர்கள் அதனினும் அதிகம். ஆனால், 2022 ஜனவரி 13-ஆம் தேதி அந்த ஊர் நாட்டின் கவனத்தை ஈர்த்தது வேறொரு காரணத்துக்காக. நாட்டின் முதல் 'சானிட்டரி நாப்கின் இல்லாத ஊராட்சி' என்று கும்பளங்கியை அப்போதைய கேரள ஆளுநர் ஆரிஃப் முகமது கான் அன்றைய தினம் அறிவித்தார்.

எர்ணாகுளம் மக்களவைத் தொகுதியில் மேற்கொள்ளப்பட்ட 'அவள்க்காயி' திட்டத்தின் கீழ், பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எல்.எல். லைஃப்கேரின் துணையோடு, 18 வயதைக் கடந்த பெண்களுக்கு மாதவிடாய்க் கோப்பைகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. நிலத்தில் மக்காத, காயலில் மிதக்கும், எரித்தால் நச்சுப்புகை கக்கும் ஒரு கழிவுக்கு அந்தச் சிற்றூர் விடை தேட முற்பட்டது. 'குப்பையைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்' என்று உபதேசம் செய்வதோடு அங்கே யாரும் நின்றுவிடவில்லை. முதலில் மாற்று வழி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்; பிறகுதான் மக்களின் ஒத்துழைப்பைக் கேட்டார்கள். கும்பளங்கி கற்றுத்தரும் பாடம் இதுதான்.

இந்தப் பாடத்தை இந்தியா இன்னமும் பொருத்திப் பார்க்காத இன்னொரு வீட்டுக் கழிவு இருக்கிறது. அது, மருத்துவரின் சீட்டின் பேரில் வாங்கி, பயன்படுத்தியது போக மீதமிருக்கும் மருந்து.

எந்த வீட்டிலும் அலமாரியையோ, குளிர்சாதனப் பெட்டியின் மேற்பரப்பையோ, பழைய பிஸ்கட் டப்பாவையோ திறந்து பார்த்தால் அது தென்படும். பாதி தீர்ந்த இருமல் மருந்து, நான்கு மாத்திரைகள் எஞ்சிய அட்டை, யாருக்காக வாங்கியது என்பதே மறந்துபோன கண் சொட்டு மருந்து, மறைந்துவிட்ட முதியவருக்காக வாங்கி வைத்த மருந்துகள் என்று அந்தச் சேமிப்பு நீளும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதமாக இருந்த மாநிலம் கேரளம். அங்கு வயது வந்தோரில் 25.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தேசிய அளவில் அந்த விகிதம் 11.4 சதவீதம். முதுமையும் நீள்நோயும் கூடும்போது வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியும் பெருக்கவே செய்யும். இன்று கேரளத்தில் காணும் நிலை நாளை தமிழகத்திலும் நாடு முழுவதிலும் காணப்போகும் நிலை.

மருந்து மிஞ்சுவதற்கு நோயாளியின் அலட்சியம் மட்டுமே காரணமல்ல. மருத்துவர் ஆறு மாத்திரை எழுதுகிறார்; அட்டையில் பத்து இருக்கிறது. முழு அட்டையாகத்தான் தருவோம் என்று சொல்லும் கடைகள் ஏராளம். அட்டையை வெட்டிக் கொடுக்கும் கடைகளிலோ வேறொரு சங்கடம் எழுகிறது. காலாவதி தேதி பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இராது, தேதியும் இராது. மருந்தை மாற்றி எழுதும் மருத்துவர், பழைய மருந்தை என்ன செய்வது என்று சொல்வதில்லை. நோயாளியும் கேட்பதில்லை.

இப்படித் தேங்கும் மருந்து வீட்டுக்குள்ளேயே முதல் ஆபத்தை விளைவிக்கிறது. மிட்டாய் நிறத்தில் மின்னும் மாத்திரையைக் குழந்தை எடுத்து விழுங்கிவிடுகிறது. பாரசிட்டமால் சொட்டு மருந்து பொதுவாக ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் வீரியம் கொண்டது. அதே மருந்து பாகு வடிவில் 5 மில்லி லிட்டருக்கு 120 முதல் 250 மில்லி கிராம் வரை இருக்கும். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க, அவசரத்தில் பாகுக்கு உரிய அளவில் சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுக்கும் தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர், புதிய சீட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் பழைய அட்டையில் மற்றொரு நிறுவனத்தின் பெயரிலும் இருக்கும் ஒரே மருந்தை இரு வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் உட்கொள்கிறார்.

வைக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான மருந்துகளின் உறையில் 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்கு மிகாத வெப்பத்தில், ஈரமும் வெளிச்சமும் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் அவை இருப்பதோ அடுப்புக்கு மேலுள்ள பலகையிலும், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னாலும்! திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தத் தொடங்கிய குப்பியைப் பொதுவாக நான்கு வாரங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காயலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்த விதிகளைக் கடைப்பிடிப்பது எளிதல்ல; ஆனால், அவற்றை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதுகூட முறையாக நடப்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது எஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளின் கதை. போன காய்ச்சலுக்கு வாங்கியதில் மிஞ்சிய மூன்று மாத்திரைகள் அடுத்த காய்ச்சலுக்கு, அதுவும் பக்கத்து வீட்டாரின் காய்ச்சலுக்குப் பயன்படுத்தப்படுகின்றன. நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுக்கும் நிலையால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதனை எதிர்கொள்ள மத்திய அரசு 2017-இல் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. 2025-இல் இரண்டாவது செயல்திட்டத்தையும் வெளியிட்டது. கேரளம் 2024 முதல் மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகள் மீது 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் நடவடிக்கை எடுத்து வருகிறது. அந்த மருந்துகளின் விற்பனை 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்துவிட்டதாக மாநில சுகாதாரத் துறை கூறியது. வரவேற்கத்தக்க நடவடிக்கைதான். எனினும், கடையின் வாசலை அடைத்துவிட்டு வீட்டு அலமாரியைத் திறந்தே விட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதையாகவே அது முடியும்.

2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய சோகம் இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் 48.6 சதவீத அளவுக்கு டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு கலந்திருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள் பறிபோயின. மாநிலங்கள் அந்த மருந்தின் விற்பனைக்குத் தடை விதித்தன. கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்த குப்பிகளை அதிகாரிகளால் முடக்க முடிந்தது. ஏற்கெனவே விற்பனையாகி, வீடுகளில் பாதி தீர்ந்த நிலையில் இருந்த குப்பிகளை யார் தேடுவது? அவற்றை எங்கே ஒப்படைப்பது? திரும்பப் பெற ஓர் ஏற்பாடு முன்பே இருந்திருந்தால், 'அந்தக் குப்பியை அருகிலுள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்' என்ற ஒற்றை அறிவிப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

மருந்தை ஒழித்துக்கட்ட நினைப்பவர்களின் நிலையோ அதைவிடப் பரிதாபம். குப்பைத்தொட்டியில் போட்டால் கால்நடைகளுக்கும் குப்பை பொறுக்கும் எளியவர்களுக்கும் ஆபத்து. எரித்தால் புகை. கழிவறையில் கொட்டினால் அது நீர்நிலையைத்தான் சென்றடையும். காயல் நீரில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் கும்பளங்கி போன்ற ஊர்களுக்கு இது வெறும் சுற்றுச்சூழல் தத்துவமல்ல, வயிற்றுப்பாட்டுப் பிரச்னை. மருந்து தன் வேலை முடிந்ததும் மறைந்துவிடுவதில்லை என்பதைப் பிணந்தின்னிக் கழுகுகள் ஏற்கெனவே நமக்கு உணர்த்திவிட்டன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்த சிறு அளவிலேயே அந்தப் பறவை இனத்தைப் பூண்டோடு அழிக்கும் நிலைக்குக் கொண்டு சென்றது. அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் மத்திய அரசு தடை விதிப்பதற்குள் பெரும்பாலான கழுகுகள் மடிந்துவிட்டிருந்தன.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஃபென்டானில், மார்பின், டிரமடால், டயஸெபாம் உள்ளிட்ட 17 மருந்துகள் மிஞ்சினால் அவற்றைக் கழிவறையில் கொட்டி நீரூற்றிவிடலாம் என்று கூறப்பட்டிருக்கிறது. ஒரு முறை தவறாக விழுங்கினாலே உயிரைப் பறிக்கக் கூடியவை, போதைக்காகக் கைமாறக் கூடியவை என்பதால் இந்த விதிவிலக்கு. நீர் மாசடைவதைவிட வீட்டில் ஓர் உயிர் போவது பெரிய இழப்பு என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. ஆனால், அந்தப் பதினேழு மருந்துகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை மக்களிடம் யார் எடுத்துச் சொல்வது? வலி தணிப்பு சிகிச்சைக்கென 2008-லேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். புற்றுநோயாளிகள் தங்கள் வீட்டிலேயே மார்பின் உட்கொண்டு நிம்மதியாகக் கண்மூட வழிசெய்த மாநிலம் அது. துக்க வீட்டில் மிஞ்சும் அந்த மாத்திரைகளைப் பொறுப்போடு திரும்பப் பெறும் ஒரு கை வேண்டாமா? மற்ற மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டங்களை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் மருந்து வணிகர் சங்கங்களும் இணைந்து தொடங்கலாம் என்று அதே வழிகாட்டுதல் யோசனை கூறுகிறது. 'தொடங்கலாம்' என்பதற்கும் 'தொடங்க வேண்டும்' என்பதற்கும் இடையில்தான் இந்தப் பிரச்னை ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் அதன் கீழ் 1945-இல் வகுக்கப்பட்ட விதிகளும் மருந்தை உற்பத்திக் கூடத்திலிருந்து கடையின் மேசைவரை கண்கொத்திப் பாம்பாகக் கண்காணிக்கின்றன. கடையில் காலாவதியான மருந்தைத் தனியே எடுத்துவைத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ அந்த விதிகளில் வழி இருக்கிறது. அதாவது, கடையிலிருந்து உற்பத்தியாளரை நோக்கி ஒரு திரும்பும் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அந்தப் பாதை வீட்டு வாசல்வரை நீட்டப்படவில்லை என்பதுதான் குறை. காசு கொடுத்து மருந்தை வாங்கிய அந்த நொடியில் சட்டத்தின் பார்வையிலிருந்து அது மறைந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்த மருந்து குப்பையாகும்போதுதான் சட்டம் மீண்டும் விழித்துக்கொள்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் கட்டுப்படுத்துகின்றன, வீடுகளை அல்ல. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் காலாவதி மருந்தை 'வீட்டு அபாயக் கழிவு' என்று வகைப்படுத்தி, நகரங்களில் 20 சதுர கிலோ மீட்டருக்கு ஒரு மையம் அமைத்து அதனைப் பெற வேண்டும் என்றன. பத்தாண்டுகளாக அந்த விதி ஏட்டில் இருந்தது. தன் வீட்டருகே அப்படியொரு மையம் இருப்பதை அறிந்த குடிமகன் எத்தனை பேர் என்று உள்ளாட்சி அமைப்புகள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். அவற்றுக்கு மாற்றாக 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 1-ஆம் தேதியை நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய விதிகள், குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நான்காவது வகையான 'தனிக் கவனம் தேவைப்படும் கழிவு' என்பதில் மருந்துகளும் இடம்பெற்றுள்ளன. பெயர் மாறியிருக்கிறது; நிலைமை மாறுமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை தேட முற்பட்ட மாநிலம் என்ற வகையில் கேரளம் பாராட்டுக்குரியது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மருந்து வணிகர் சங்கத்துடன் சேர்ந்து 2019-இல் திருவனந்தபுரத்தில் 'ப்ரௌட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் மறுவடிவமான 'என்ப்ரௌட்' 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட இடங்களில் வைக்கப்பட்ட நீல நிறப் பெட்டிகளில் மக்கள் தங்களிடமுள்ள மருந்துகளைப் போடலாம். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையின் மகளிரும் இதில் ஈடுபடுத்தப்படுகின்றனர். சேரும் மருந்துகள் எர்ணாகுளம் மாவட்டம் அம்பலமேட்டிலுள்ள நிறுவனத்தில் அறிவியல் முறைப்படி அழிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கும்பளங்கி இருப்பதும் அதே எர்ணாகுளம் மாவட்டம்தான். மருந்தை முறையாக அழிக்கும் வசதி தொலைதூரத்தில் இல்லை. வீட்டையும் அந்த வசதியையும் இணைக்கும் சங்கிலிதான் ஊர்தோறும் அமைய வேண்டும்.

கேரளத்தைப் பாராட்டும்போது தமிழக வாசகருக்கு ஓர் உறுத்தல் எழுவது இயல்பு. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தின் மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொண்டாநகரம், கோடகநல்லூர் சுற்றுவட்டாரத்தில் கொட்டப்பட்டதையும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்ட பிறகு கேரள அரசே லாரிகளை அனுப்பி அவற்றை அள்ளிச் சென்றதையும் அவ்வளவு எளிதில் மறந்துவிட முடியாது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு தீப்பிடித்து, நாள்கணக்கில் நகரமே புகையில் மூச்சுத் திணறியதும், கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீட்டைப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததும் அண்மைக்கால வரலாறு. விதிகள் கடுமையாக இருக்கும் மருத்துவமனைக் கழிவுக்கே இந்தக் கதி என்றால், விதிகளே எட்டாத வீட்டு மருந்தின் கதி என்னவாகும்? கழிவுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால்தான் இதில் மத்திய அரசு ஒதுங்கி நிற்க முடியாது.

உலக நாடுகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. ஸ்வீடனில் 1970-களின் தொடக்கத்திலிருந்தே மருந்துக் கடைகள் பழைய மருந்தைத் திரும்பப் பெறுகின்றன. பிரான்சில் 1993-இல் தொடங்கிய 'சிக்லாமெட்' அமைப்பு மருந்து நிறுவனங்களின் பங்களிப்பில் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவில் 1998 முதல் மத்திய அரசின் நிதியில் கடைகள் வழியாக இந்தப் பணி நடக்கிறது. அமெரிக்காவில் 2010 முதல் 'திரும்பப் பெறும் நாள்' அறிவித்துச் சேகரிக்கிறார்கள். வழிகள் வேறு; ஆனால் எல்லா இடங்களிலும் செலவை ஏற்க ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அது நிறுவனமாக இருக்கும் அல்லது அரசாக இருக்கும். வார்டு உறுப்பினரின் நல்லெண்ணத்தையும் கடைக்காரரின் தயவையும் மட்டும் நம்பி எந்த நாடும் இதை நடத்தவில்லை.

இந்தியாவுக்கும் இது புதிய தத்துவமல்ல. நெகிழி உறைகள், மின்னணுச் சாதனங்கள், மின்கலங்கள், டயர்கள் ஆகியவற்றில் பயன்பாட்டுக்குப் பிறகும் பொறுப்பு தயாரிப்பாளரையே சாரும் என்று மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. கைப்பேசியின் மின்கலத்துக்கு இருக்கும் பொறுப்பு, குழந்தையின் கைக்கெட்டும் மாத்திரைக்கு ஏன் இல்லை? உலகின் மருந்தகம் என்று பெருமை பேசும் நாட்டின் மருந்து நிறுவனங்களுக்கு இது தாங்க முடியாத சுமையாக இருக்காது.

சிறு கடைக்காரர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பெட்டியை வைக்க இடம் யார் தருவது, பெட்டியிலிருந்து மருந்தைத் திருடி மறுபடி விற்றால் பழி யார் மீது விழும் என்று அவர்கள் கேட்கிறார்கள். பூட்டிய பெட்டி, எடையிட்டுப் பதியும் முறை, எடுத்துச் செல்லும் வாகனத்துக்குக் கணக்கு ஆகியவற்றை விதியாக்கினால் இந்த அச்சம் நீங்கும். காசு கேட்டு வருவார்களோ என்ற ஐயமும் தேவையில்லை. திருப்பிக் கொடுக்கும் மருந்துக்குப் பணம் கிடையாது. அது மறுவிற்பனைக்கோ தானத்துக்கோ செல்லாது என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

தமிழகமும் தன் பங்குக்கு விழித்துக்கொள்ள வேண்டிய தருணம் இது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீடு தேடிச் சென்று வழங்குகிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. வாசல்வரை மருந்தைக் கொண்டுசேர்க்கும் ஊழியரிடம் ஒரு பையையும் கொடுத்து, எஞ்சிய மருந்தைத் திரும்ப வாங்கிவரச் சொல்வதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. யார் வீட்டில் மருந்து மிஞ்சுகிறது என்ற கணக்கு கிடைத்தால், யார் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்பதும் தெரியவரும். சிகிச்சையின் தரமும் உயரும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மருந்துத் தயாரிப்பாளர்களைப் 'பயன்பாட்டுக்குப் பிந்தைய பொறுப்பு' விதிகளின் கீழ் கொண்டுவர வேண்டும். உரிமம் பெற்ற மருந்துக் கடைகள் மீதி மருந்தைப் பெறுவதைப் படிப்படியாகக் கட்டாயமாக்க வேண்டும். அட்டையின் ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே பெயரும் காலாவதி தேதியும் இருக்குமாறு அச்சிடவும், தேவையான எண்ணிக்கையில் கிழித்துத் தரும் வகையில் அட்டையை வடிவமைக்கவும் உத்தரவிட வேண்டும். சுகாதாரம், சுற்றுச்சூழல், ரசாயனத் துறை என்று மூன்று அமைச்சகங்களுக்கிடையே பந்தாடப்படும் இந்தப் பொறுப்பை ஒரே அமைச்சகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும். மருந்துகளை அவற்றின் அசல் உறையிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் காலாவதியானதைத் தனியே எடுத்துவைப்பதும், ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடுக்காமலிருப்பதும், பயன்படுத்திய ஊசியைத் தடித்த நெகிழிக் குப்பியில் இட்டு மூடி ஒப்படைப்பதும் யாராலும் இயலக் கூடியவை. மருத்துவர் மருந்தை மாற்றும்போது, 'பழையதை என்ன செய்வது?' என்று கேட்கும் வழக்கமும் வர வேண்டும்.

ஆனால், தனிமனிதரின் எச்சரிக்கையை அமைப்பின் கடமைக்கு மாற்றாக்கிவிடக் கூடாது. தனியே எடுத்துவைத்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இல்லாவிட்டால், அது மீண்டும் அதே அலமாரிக்கோ அதே காயலுக்கோதான் போய்ச் சேரும். மாற்று வழியைக் கையில் கொடுத்தால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மக்கள் தயங்குவதில்லை என்பதைக் கும்பளங்கிப் பெண்கள் 2022-லேயே நிரூபித்துவிட்டார்கள். அவர்கள் முன்வந்தது, வெளியே பேசவே கூச்சப்படும் ஒரு விஷயத்தில்! மருந்துப் பெட்டியைத் திறந்து காட்ட எந்தக் குடும்பமும் கூச்சப்படாது. அதை வாங்கிக்கொள்ள நீட்டப்படும் கை தில்லியிலிருந்து வரவேண்டும்.